எண்ணெய் விலை இறங்கினால் நமக்கென்ன?

உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது என்ற செய்தி வரும்போதெல்லாம், தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறவர்களே நமது தோட்டங்களில் அதிகம். அது அரபு நாட்டுக்காரர் கவலை, அமெரிக்கக் கம்பெனிக்காரர் கவலை. மரம் வெட்டுகிறவனுக்கும் செக்ரோலில் பேர் போடுகிற கிராணிக்கும் அதில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். திகாம் பத்துவில் ரப்பரைத் தவிர வேறு எதுவும் ஊறியதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் எண்ணெய் விலை இறங்கும்போது நமது வட்டாரத்துத் தொழிலாளியின் சட்டைப் பையும் சேர்ந்து இளைக்கிறது. அது எந்த வழியாக இளைக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான், அடுத்த முறை அதைத் தடுப்பதற்கு வழி தேட முடியும்.

முதலில் சரக்கைப் பார்ப்போம். ஒரு மோட்டார் டயரை அறுத்துப் பார்த்தால் அதில் நமது மரத்துப் பாலும் இருக்கும். எண்ணெயிலிருந்து வடித்த செயற்கை ரப்பரும் இருக்கும். 1942-இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு ரப்பர் போகும் வழி அடைபட்டது. அந்நாட்டு அரசாங்கம் பொதுப் பணத்தைக் கொட்டி ஆலைகளைக் கட்டியது. பியூட்டடையீன், ஸ்டைரீன் என்ற இரண்டு சரக்குகளைச் சேர்த்து மலைமலையாகச் செயற்கை ரப்பர் செய்தது. யுத்தம் முடிந்தது; அந்தத் தொழில் முடியவில்லை. இன்று உலகம் உபயோகிக்கும் ரப்பரில் பாதிக்குச் சற்று மேலேயே செயற்கைதான். எண்ணெய் மலிந்தால் அதுவும் மலியும். டயர்க் கம்பெனிகள் முழுவதுமாக அந்தப் பக்கம் போய்விட முடியாது. ஆகாய விமான டயருக்கும் கனத்த லாரி டயருக்கும் மரத்துப் பால் வேண்டியே இருக்கிறது. ஆயினும் விலை பேசும் மேஜையில் "அந்தப் பக்கம் போய்விடுவேன்" என்ற ஒரு வார்த்தை போதும், நமது சரக்கின் விலையை அமுக்க. கையுறைத் தொழிலிலும் இதே கதைதான். எண்ணெயிலிருந்து செய்யும் நைட்ரைல் கையுறை, நமது பாலில் செய்யும் கையுறையைப் பல நாடுகளில் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

கணக்கு இப்படி இருக்கிறது. 2014 ஜூன் மாதத்தில் ஒரு பீப்பாய் எண்ணெய் 115 டாலரைத் தொட்டது. 2016 ஜனவரியில் அது 30 டாலருக்கும் கீழே போயிற்று. ரப்பரோ அதற்கு முன்பே சறுக்கத் தொடங்கியிருந்தது. தோக்கியோ சந்தையில் 2011 பிப்ரவரியில் ஒரு கிலோ 500 யென்னுக்கு மேல் விற்ற ரப்பர், 2016 ஜனவரியில் 150 யென்னை ஒட்டி வந்து நின்றது. எண்ணெய் மட்டுமே காரணம் என்று நாம் சொல்லமாட்டோம். விலை நன்றாக இருந்த காலத்தில் வியட்நாமிலும் லாவோஸிலும் கம்போடியாவிலும் நட்ட கன்றுகள் எல்லாம் ஒரே சமயத்தில் பால் கொடுக்க வந்தன. சீனாவில் தொழில் வேகம் குறைந்தது. ஆனால் விழுந்துகொண்டிருந்த விலை எழுந்திருக்க முடியாமல் அதன் மேல் காலை வைத்து மிதித்தது எண்ணெய் விலைதான்.

எண்ணெய் விலை ஏன் விழுந்தது? இதற்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டும். அந்நாட்டில் டெக்சஸ், வட டக்கோட்டா, பென்சில்வேனியா முதலிய மாநிலங்களில் பூமிக்கு வெகு ஆழத்தில் ஷேல் என்ற களிப்பாறை இருக்கிறது. எண்ணெயும் வாயுவும் அந்தப் பாறையின் துளைகளுக்குள் சிக்கிக் கிடக்கின்றன. கிணற்றை நேராக இறக்கி, பிறகு பக்கவாட்டில் வெகுதூரம் துளைத்து, நீரையும் மணலையும் ரசாயனங்களையும் பெரும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையை வெடிக்கச் செய்தால் அவை வெளியே வருகின்றன. விலை ஏறியிருந்த காலத்தில் இந்த முறையில் ஆயிரக்கணக்கான கிணறுகள் தோண்டப்பட்டன. சரக்கு குவிந்தது. 2014 நவம்பரில் கூடிய ஓபெக் நாடுகள் தங்கள் உற்பத்தியைக் குறைக்க மறுத்தன. விலை பாதாளத்துக்குப் போயிற்று.

நம் கவனத்துக்குரிய ஆள் அந்தக் கிணற்றுக்கு மேலே இருக்கிற நிலத்துக்காரர். அமெரிக்காவில் நிலம் யாருடையதோ அடியில் இருப்பதும் பெரும்பாலும் அவருடையதே. அல்லது அவருடைய முன்னோர் அந்த உரிமையைத் தனியாகப் பிரித்து விற்றிருக்கலாம். பென்சில்வேனியாவில் பால் மாடு வளர்த்துக் கடனில் தத்தளித்துக்கொண்டிருந்த குடியானவர்களிடம் கம்பெனி ஏஜெண்டுகள் வந்தார்கள். கையெழுத்துப் போட்டால் ஏக்கருக்கு இவ்வளவு முன்பணம். வாயு வந்தால் விற்பனையில் எட்டில் ஒரு பங்கு. முதலில் சில பத்து டாலருக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுத்து, அண்டை அயலாரோடு சேர்ந்து கூட்டாகப் பேசியவர்களுக்கு ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் கிடைத்தது. ஒரே பாறை, ஒரே வேலி. கூடிப் பேசியவருக்கும் தனியே பேசியவருக்கும் இத்தனை பேதம். தொழிற்சங்கத்தைப் பற்றி இதுவரை எத்தனையோ கூட்டங்களில் நாம் பேசியிருக்கிறோம். சங்கம் என்ற சொல்லையே விரும்பாத அமெரிக்கக் குடியானவர் இதைச் செய்து காட்டியது வேடிக்கைதான்.

விலை இறங்கியபோது அந்த எட்டில் ஒரு பங்கு என்ன ஆயிற்று என்பதை நமது கிராணித் தோழர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். கழித்தல் கணக்கு நமக்குப் புதிதல்லவே! வாயுவைச் சேகரிக்க, அழுத்த, குழாய் வழியாகக் கொண்டுபோகச் செலவு இருக்கிறது. அந்தச் செலவைக் கழித்த பிறகே பங்கு என்று பல ஒப்பந்தங்கள் சொல்லின. ஒரு கணக்குக்கு, ஓர் அளவு வாயு 4 டாலருக்கு விற்கிறது, செலவு 1 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மீதி 3 டாலரில் எட்டில் ஒரு பங்கு முப்பத்தேழரை காசு. இப்போது விலை 2 டாலராக இறங்கிவிட்டது. செலவு இறங்கவில்லை, அதே 1 டாலர். மீதி 1 டாலரில் எட்டில் ஒரு பங்கு பன்னிரண்டரை காசு. விலை பாதியாயிற்று, நிலத்துக்காரர் பங்கோ மூன்றில் ஒன்றாகிவிட்டது. எட்டில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று பென்சில்வேனியாவில் 1979-லேயே சட்டம் இருந்தது. ஆனால் செலவைக் கழித்த பிறகு எட்டில் ஒரு பங்கு கொடுத்தாலும் சட்டப்படி சரியே என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பங்கு எவ்வளவு என்று சட்டம் எழுதியவர்கள், எதில் பங்கு என்று எழுதாமல் விட்டார்கள்.

இன்னொரு வலையும் உண்டு. ஒப்பந்தக் காலம் சில ஆண்டுகள்தான். ஆனால் ஒரு கிணறு லாபத்தோடு ஓடிக்கொண்டிருந்தால் காலக்கெடு தானாக நீளும். விலை இறங்கியதும் கம்பெனிகள் என்ன செய்தன? ஒரே ஒரு கிணற்றைத் தோண்டி நிலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கிணறுகளை நல்ல விலை வரும் வரை தள்ளிப் போட்டன. நிலத்துக்காரர் வேறு ஆளுக்கும் கொடுக்க முடியாது, காசும் வராது. கிணறு தோண்டும் தொழிலாளிக்கோ தள்ளிப் போடும் வசதியே இல்லை. 2014 அக்டோபரில் அமெரிக்காவில் எண்ணெய்க்காக 1,609 துளைப்பு யந்திரங்கள் ஓடின. 2016 மே மாதத்தில் ஓடியவை 316. ஒவ்வொரு யந்திரத்தையும் சுற்றி எத்தனை குடும்பம் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். 2020 ஏப்ரல் 20-ஆம் தேதி அமெரிக்க எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே, 37 டாலர் கழித்தல் என்று போயிற்று. அதாவது, எண்ணெயை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு எதிர்க் காசு!

நிற்க. நமது நாட்டுக்கு வருவோம்.

இங்கே பூமிக்கடியில் இருப்பது நிலத்துக்காரனுக்குச் சொந்தமில்லை. எண்ணெய் முழுவதும் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெட்ரோனாஸ் கையில் இருக்கிறது. கெடாவில் எண்ணெய் பங்கு வாங்கிச் சாப்பிடுகிற குடியானவர் எவரும் இல்லை. ஆனால் பங்கு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்: சிக், பாலிங், கோலக் கெட்டில் பக்கத்துச் சிறுதோட்டக்காரர்களும், அவர்களுடைய மரத்தைப் பாதிக்குப் பாதி என்ற ஏற்பாட்டில் வெட்டுகிறவர்களுந்தான். மேலே போட்ட கணக்கை எடுத்து, வாயுவுக்குப் பதிலாகக் கட்டிப் பால் என்று எழுதிக்கொள்ளுங்கள். குழாய்ச் செலவுக்குப் பதிலாகத் தண்ணீர்க் கழிவு, லாரிக் கூலி, வியாபாரியின் லாபம் என்று போடுங்கள். ஒரு காசும் மாறாது. ஏற்றுமதி விலை பாதியாக இறங்கினால் சிறுதோட்டத்து வாசலில் விலை பாதிக்கும் கீழே இறங்கும். அதில் பாதிதான் வெட்டுகிறவனுக்கு. தொழிலாளி என்ற பெயர் இல்லாததால் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் நிழல்கூட அவன்மேல் படுவது அரிது.

எண்ணெய் ஏறினால் நமக்கு நன்மையா என்றால் அதுவும் நிச்சயமில்லை. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் விலையை ஏற்றின. அரிசியும் சீனியும் மாவும் ஏறின. உலகத்தில் தொழில் மந்தம் வந்தது. மோட்டார் விற்பனை படுத்தது. ரப்பர் விலை சரிந்தது. 1974 நவம்பரிலும் டிசம்பர் முதல் தேதியும் பாலிங்கில் ஆயிரக்கணக்கான குடியானவர்கள் பசி தாளாமல் வீதிக்கு வந்தார்கள். கோலாலம்பூர் மாணவர்கள் அவர்களுக்கு ஆதரவாகத் திரண்டு, பலர் சிறை சென்றார்கள். நமது மாநிலத்து மண்ணில் நடந்த காரியம் இது. பால் வெட்டுகிறவனுக்கு எண்ணெய் ஏறினாலும் அடி, இறங்கினாலும் அடி. காரணம், விலையின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும் சேமிப்பு அவனிடம் மட்டுந்தான் இல்லை.

தோட்டத் தொழிலாளியின் சரித்திரமும் இதையே சொல்கிறது. 1920-களின் முடிவில் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி நிர்ணயிக்கப்பட்டிருந்தது. உலக மந்தம் வந்ததும் அந்தக் காசு வெட்டப்பட்டது. ஆட்களும் வெட்டப்பட்டார்கள், 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். கொரியா யுத்தக் காலத்தில், 1951-இல், ஒரு ராத்தல் ரப்பர் 2 வெள்ளிக்கு மேல் விற்றது. 1953-இல் 70 காசுக்குக் கீழே வந்தது. கூலியும் பின்னாலேயே இறங்கியது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதற்கு அந்த இறக்கமும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம். விலையை அடுக்கு அடுக்காகப் பிரித்து அதற்கேற்பக் கூலி என்ற ஒப்பந்தங்களும், பின்னாளில் விலை போனஸ் என்ற ஏற்பாடும் அந்தப் போராட்டங்களின் வழி வந்தவை. விலை ஏறும்போது தொழிலாளிக்குப் பங்கு வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அதில் நமக்கு எப்போதும் சந்தேகமில்லை. ஆனால் பங்கு என்ற பெயரில் தொழிலாளியின் சோற்றுப் பானையையும் சந்தையில் கொண்டுபோய்க் கட்டிவிடக் கூடாது.

முதலாளிமார் சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று நாம் வாதாடவில்லை. விலை அடக்கத்துக்குக் கீழே போனால் எந்தத் தோட்டமும் நெடுநாள் நடக்காது. அதை நாமும் கணக்குப் புத்தகத்தில் பார்க்கிறவர்கள்தாம். ஆனால் கம்பெனிக்கு மூன்று வழி இருக்கிறது. மரத்தைச் சாய்த்துவிட்டு எண்ணெய்ப்பனை நடலாம். பனை எண்ணெயும் பயோடீசல் வழியாகக் கச்சா எண்ணெயின் வாலைப் பிடித்துக்கொண்டு ஆடுகிற சரக்கு என்பது வேறு விஷயம். விலை எழும் வரை மரத்துக்கு ஓய்வு கொடுக்கலாம். அல்லது நிலத்தையே விற்கலாம். சுங்கைப் பட்டாணிப் பக்கம் பால்மரம் நின்ற எத்தனையோ இடங்களில் இன்று வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்சாலைகளும் நிற்பது கண்கூடு. ரப்பர் விலை இறங்கினாலும் அங்கே நிலத்தின் விலை இறங்குவதில்லை. கம்பெனியின் நஷ்டத்துக்கு நிலம் ஈடு கொடுத்துவிடுகிறது. லயத்தில் பிறந்து லயத்திலேயே பிள்ளை பெற்றவளுக்கு எது ஈடு கொடுக்கும்?

நாற்பது ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றுவதானால் தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவுப்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்பது நமது தோழர்கள் பலருக்குத் தெரியாது. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது தொழிலாளர்கள் பட்ட பாடு இப்படியொரு சட்டத்தின் அவசியத்தைக் காட்டியது. 1960-களின் தொடக்கத்தில் பேராசிரியர் உங்கு அப்துல் அசீஸ் அந்தத் துண்டாடலை ஆராய்ந்து எழுதிய அறிக்கை இதற்குச் சாட்சி. அதே சமயத்தில் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் 1961-இல் அந்தச் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் எது? நமது கெடாவில் உள்ள புக்கிட் சீடிம். தோட்டம் விற்பனைக்கு வந்த காலத்தை வாங்குகிற காலமாக மாற்றிக் காட்டிய காரியம் அது. அதைப் போல் இன்னொன்று இன்று செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு, வீடமைப்புக்காரர் கேட்கும் விலையில் ஏக்கர் கணக்கில் வாங்க முடியாதுதான் என்பது நமது பதில். லயத்து மனைகளையாவது கேட்க முடியாதா? நிலம் விற்கும் பேச்சு எழுந்த நாளிலேயே கேட்டால் முடியும். புல்டோசர் வந்த பிறகு கேட்டால் முடியாது.

இனி, சட்டம் போட்டிருக்கும் தரை. 2013-இல் தீபகற்பத்துக்கு மாதம் 900 வெள்ளி என்று தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம், 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளியாக ஆகியிருக்கிறது. கிலோக் கணக்கிலும் வேலையளவுக் கணக்கிலும் கூலி வாங்குகிறவருக்கும் மாத வருமானம் இதற்குக் குறையக் கூடாது என்பது உத்தரவு. ஆகவே ரப்பர் விலை இறங்கிவிட்டது, கிலோவுக்கு இவ்வளவுதான் கட்டும் என்று எவராவது சொன்னால் அது தோட்டத் தொழிலாளியைப் பொறுத்தவரை செல்லாத பேச்சு. ஆட்குறைப்பு வந்தால் 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் பதினைந்து நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் இருபது நாள். இருபத்தைந்து ஆண்டு மரம் வெட்டியவருக்கு ஐந்நூறு நாள் சம்பளம் வருகிறது. கையில் கொடுத்ததைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனவர்களை நாம் அறிவோம். தந்தவர் கருணையால் தந்தார் என்று எண்ணிய பாவம்!

ஆனால் 1,700 என்பது தரை, கூரையல்ல. விலை ஏறியிருக்கும் காலத்தில்தான் இந்தத் தரைக்கு மேல் ஒரு படி கட்ட வேண்டும். பென்சில்வேனியாக் குடியானவர் செலவைக் கழிக்கக் கூடாது என்ற ஒரு வரியை வாயு விலை உச்சியில் நின்றபோது, கம்பெனி அவர் வாசலில் காத்துக்கிடந்தபோது கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்டவர் சிலருக்குக் கிடைக்கவும் செய்தது. விலை விழுந்த பிறகு வழக்காடியவர்கள் வக்கீலுக்குக் கொடுத்தார்கள். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் விலை போனஸ் பேசப்படும்போது நமது பிரதிநிதிகள் மூன்று கேள்விகளை விடாமல் கேட்க வேண்டும். எந்தச் சந்தையின் எந்த விலையை வைத்துக் கணக்கு? அதில் எதையெல்லாம் கழிக்கிறீர்கள்? விலை இறங்கினால் போனஸ் நிற்குமா, அல்லது அடிப்படைச் சம்பளத்திலும் கை வைப்பீர்களா? மூன்றுக்கும் பதில் எழுத்தில் வர வேண்டும். தமிழிலும் மலாயிலும் தோட்டத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

சிறுதோட்டத்தில் பாதிக்கு வெட்டுகிறவர்கள் நமது சங்கத்தில் இல்லை. அதனால் அவர்களை மறந்துவிடலாம் என்பது சிலருடைய அபிப்பிராயம். இதை நாம் ஏற்பதற்கில்லை. அவர்களில் பலர் நேற்று வரை நம்மோடு பெரட்டுக்கு நின்றவர்கள். தோட்டம் விற்கப்பட்டதும் அந்தப் பக்கம் போனவர்கள். விலை விழும்போது சிறுதோட்டங்களுக்கு ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகை என்று அரசாங்கம் கொடுக்கும் பணத்தில் வெட்டுகிறவனுக்கும் நேரடியாகப் பங்கு போய்ச் சேருகிறதா என்பதைக் கவனிக்க வேண்டிய பொறுப்பு வட்டாரச் செயலவைகளுக்கு உண்டு.

கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற மாதக் கூட்டத்துக்கு ஒவ்வோர் உறுப்பினரும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கணக்குத் தெரிந்த கிராணித் தோழர் ஒருவர் அவற்றைப் பிரித்து வைத்து, வேலை நாள் எத்தனை, கிலோ எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, மாதம் 1,700 வெள்ளி தேறுகிறதா என்று வரி வரியாக வாசித்துக் காட்டட்டும். உங்கள் தோட்டத்தில் நிலம் அளக்க எவராவது வந்திருந்தால் அதையும் அன்றே குறித்து வட்டாரச் செயலவைக்கு எழுதுங்கள்.